தெளிந்த குடுவை

2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றிலே, வட அத்திலாந்திக் கரையோர ஆய்வுகூடமொன்றின் வளர்ப்பறைக் கதவைத் திறந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெண்ணிற விளக்குகளின் முன்னே பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருந்தன. திங்கட்கிழமை அவற்றை விட்டுச் சென்றபோது, நிறைய நீரிலே சிறிது பாலும் சிறிது தேயிலைச் சாயமும் கலந்தாற்போன்ற மங்கிய கபில நிறம் அவற்றுக்கு இருந்தது. இடைப்பட்ட நாட்களை நூலகத்திலே கழித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பன்னிரண்டும் தெளிந்திருந்தன. குடுவையின் பின்புறத்தே ஒட்டியிருந்த பெயர்த்துண்டின் எழுத்துக்களை நீரினூடாகவே வாசிக்க முடிந்தது. அடியிலே வெண்பொடி படிந்திருந்தது. அறையிலே, அவிந்த கோவாவின் மணத்தை ஒத்த ஒரு மணம். ஐந்து மாத உழைப்பு நான்கு நாட்களில் நீராகிவிட்டது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் எடுத்தது.

அந்தக் குடுவைகளின் கதையை எங்கேனும் எழுதிவைக்கவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே இருந்துவந்தது. சங்கத்தின் இதழாசிரியர் இம்முறை கட்டுரை கேட்டு வந்தபோது, இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லையே என்று தயங்கினேன். "விஞ்ஞானமும் தமிழிலே எழுதப்படவேண்டியதுதானே, சேர்" என்றார் அவர். எனவே எழுதுகிறேன். இது விஞ்ஞானக் கட்டுரையும் அன்று. முழுவதும் சுயசரிதையும் அன்று. கடலில் வாழும் ஓர் அல்காவுக்கும் அதனைக் கொல்லும் வைரசுக்கும் இடையேயுள்ள நெடுங்கால உறவைப் பற்றியது. அவ்வுறவினுள் தவறுதலாகக் கைவைத்த ஒருவனைப் பற்றியதுமாகும்.

நான் கற்ற காலத்திலே அல்காக்கள் அதிகம் மதிக்கப்பட்டவை அல்ல. பூக்குந் தாவரங்களுக்கு ஓராண்டு என்றால் அல்காக்களுக்கு ஒருசில விரிவுரைகள். அவற்றிலும் குளத்துப் பாசிக்கும் கடற்சாதாழைக்குமே இடமிருந்தது. பூமியில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ அரைப்பங்கு, கண்ணுக்குப் புலப்படாது கடல்நீரில் மிதந்து திரியும் நுண்ணுயிர்களாலேயே நடைபெறுகின்றது என்பதைப் புலமைப்பரிசில் பெற்றுக் குளிர்நாடொன்றுக்குச் சென்ற பின்னரே நான் உள்ளபடி உணர்ந்தேன். அங்கே எனக்கு ஒப்படைக்கப்பட்ட உயிரின் பெயர் எமிலியானியா ஹக்ஸ்லியி. அதன் கலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்களவே குறுக்களவு கொண்டது. ஆயினும் அது தன் உடலைச் சுற்றிக் கல்சியம் காபனேற்றினாலான வட்டத்தகடுகளை அடுக்கி ஒரு கவசம் பூண்டுகொள்கின்றது. இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே முதன்முதல் அதனைக் கண்டபோது, தேர்ச்சில்லுகளை ஒன்றன்மேலொன்றாய்ப் பொருத்திச் செய்த பந்தொன்றைக் காண்பதுபோல் இருந்தது.

அப்பெயரின் பிற்பகுதி, டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தோமஸ் ஹக்ஸ்லியைக் குறிப்பது. 1857ஆம் ஆண்டிலே அத்திலாந்திக்கின் ஆழத்தை அளக்கச் சென்ற 'சைக்ளொப்ஸ்' என்னும் கப்பல் கொணர்ந்த அடிச்சேற்றிலே இத்தகைய நுண்தகடுகளைக் கண்டு விவரித்தவர் அவர். பின்னர் 1868இலே நோரிச் நகரத் தொழிலாளர் முன்னிலையில், தச்சன் கையிலுள்ள ஒரு வெண்கட்டித் துண்டைப் பொருளாக வைத்து அவர் ஆற்றிய சொற்பொழிவு இன்றும் விஞ்ஞான விளக்கத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றது. டோவரின் வெண்குன்றுகள் யாவும் இத்தகைய உயிர்களின் தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து இறுகியவையே. (நாம் வகுப்பறையிலே பயன்படுத்தும் வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தினால் ஆனது; அதைக் காட்டி மாணவருக்கு இக்கதையைச் சொல்லும் ஆசிரியர் சற்று அவதானமாயிருக்கவேண்டும்.) பெயரின் முற்பகுதி, சேசரே எமிலியானி என்ற கடலாய்வாளரின் நினைவாக 1967இல் இடப்பட்டது. 2023இல் வெளிவந்த பரம்பரையலகு ஆய்வு, இவ்வினத்தைக் கெபைரோகாப்சா என்னும் சாதியிலே சேர்த்துவிடவேண்டும் என்கின்றது. தாவரவியலிலே சாதி மாறுவது எளிதான காரியம். நான் பழைய பெயரையே வழங்குகிறேன், பழகிவிட்டது.

கோடை தொடங்குங் காலத்திலே வட அத்திலாந்திக்கில் இந்த அல்கா பெருகும் விதம் வியப்புக்குரியது. சில வாரங்களுக்குள் அது ஒரு இலட்சம் சதுரக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பை மூடிவிடுவதுண்டு. நமது நாட்டின் மொத்தப் பரப்பு 65,610 சதுரக் கிலோமீற்றர் என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். கவசத்தகடுகள் ஒளியைத் தெறிக்கச் செய்வதனாற் கடல் பால்கலந்த நீலப்பச்சையாகத் தோன்றும்; செய்மதிப் படங்களிலே அதனைத் தெளிவாகக் காணலாம். பின்னர், வந்த வேகத்திலேயே அது மறைந்துவிடும். போசணைப் பொருள் தீர்ந்தமையால் அழிந்தது என்றும், சிறுவிலங்குகள் மேய்ந்துவிட்டன என்றும் முன்னர் விளக்கங் கூறப்பட்டது. 1989இலே நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், இயற்கை நீரை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எண்ணி, ஒரு மில்லிலீற்றரில் 25 கோடி வரையான வைரசுத் துணிக்கைகள் இருக்கக்கூடும் என அறிவித்தனர். அதன்பின் விளக்கங்கள் மாறத் தொடங்கின. 1993இலே அதே நகரத்தவரான பிறட்பக்கும் உடன் ஆய்வாளரும், எமிலியானியாவின் பெருக்கம் முடிவுக்கு வருகையிலே கலங்களுக்குள் பெரும் வைரசுகள் நிறைந்திருப்பதைக் காட்டினர். கடலை வெளுக்கச் செய்த உயிரை ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்திலொரு பங்கும் இல்லாத ஒன்று சாய்த்துவிடுகிறது.

இவையெல்லாம் நான் அங்கு செல்லுமுன்பே அறியப்பட்டவை. ஆகவே ஆய்வுகூடத்தில் ஒரு கட்டாய விதி இருந்தது. நோயற்ற அல்காக்கள் ஓரறையில், வைரசுகள் மற்றோரறையில். வைரசு அறைக்குள் சென்றவர் அன்றைய தினம் வளர்ப்பறைக்குள் நுழையலாகாது. ஓரறைப் பொருள் மற்றையதற்குச் செல்லலாகாது. நான் ஒளியின் அளவுக்கேற்ப அல்காக்களின் வளர்ச்சி எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தவன். வைரசுகளோடு எனக்கு அலுவலில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை இரவு என்னிடமிருந்த தூய குழாயிகள் முடிந்துவிட்டன. களஞ்சியம் பூட்டியிருந்தது. வைரசு அறையின் வாசலை அடுத்த தட்டிலே குழாயிகள் நிறைந்த பெட்டியொன்று இருந்தது. கடைசிப் பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம். மூடிய பெட்டிதானே என்று எடுத்துவந்தேன். அது முன்பே திறக்கப்பட்டது என்பதைப் பின்னரே கவனித்தேன்.

குடுவைகள் தெளிந்த செய்தி அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, இழப்பு என்னுடையதல்லவா? ஐயம், வைரசுகளோடு வேலைசெய்த சக மாணவியின் மேல் விழுந்தது. அவர் விதியை மறந்து வளர்ப்பறைக்குள் வந்திருக்கவேண்டும் என்று எல்லோரும் எண்ணினர். பேராசிரியர் கடுஞ்சொல் எதுவும் கூறவில்லை. வளர்ப்பறையின் திறப்பை மட்டும் அவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார். நான் அருகிலேதான் நின்றேன், பேசாதிருந்தேன். புலமைப்பரிசில் இரத்தாகிவிடும், வீட்டுக்கு என்ன சொல்வது என்பன போன்ற நியாயங்கள் அப்போது என்னிடம் நிறைய இருந்தன. அவற்றை இங்கே விரித்துரைக்க நான் விரும்பவில்லை.

ஹக்ஸ்லியிடம் இவ்விடத்திற் சிறிது திரும்பவேண்டும். அதே அடிச்சேற்றை 1868இல் மீண்டும் ஆராய்ந்த அவர், அதிலே கூழ்போன்ற ஒரு பொருளைக் கண்டு, அது கடலடியெங்கும் பரந்துள்ள ஆதியுயிர் என நம்பி, அதற்குப் 'பதீபியசு' எனப் பெயருமிட்டார். சில ஆண்டுகளின் பின் 'சலெஞ்சர்' என்ற கப்பலில் உலகைச் சுற்றிய ஆய்வாளர், அது உயிரே அன்று, சேற்றைப் பாதுகாக்கச் சேர்த்த மதுசாரத்தினாற் கடல்நீரிலிருந்து வீழ்படிந்த கல்சியம் சல்பேற்று எனக் கண்டனர். 1875இலே ஹக்ஸ்லி தம் தவறைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். அக்காலத்து விஞ்ஞானிகளுள் அவரளவு புகழ்கொண்டோர் சிலரே. இழப்பதற்கு அவரிடம் நிறையவே இருந்தது. என்னிடம் இழப்பதற்கு இருந்தவை பன்னிரண்டு குடுவைகள் மட்டுமே. அவற்றையும் முன்பே இழந்துவிட்டிருந்தேன். அவ்வாறிருந்தும் எனக்கு ஐந்து வாரங்கள் எடுத்தன.

அந்த ஐந்து வாரங்களில் நிகழ்ந்ததே இக்கட்டுரையின் உயிர்நிலை. பதினொரு குடுவைகளை நான் கிருமியழித்து ஊற்றிவிட்டேன். ஒன்றை மட்டும், அடியிற் படிந்த தகடுகளைச் சேகரிக்கலாம் என்ற எண்ணத்தில் விளக்குத்தட்டின் பின்வரிசையில் வைத்து, பின்னர் மறந்தும்விட்டேன். ஒருநாள் தற்செயலாகக் கைபட்டு எடுத்துப் பார்த்தபோது நீர் மீண்டும் மங்கியிருந்தது. பாலின் வெண்மை இல்லை. சாயத்தின் நிறம் மட்டும், மிக இலேசாக. ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியிலே பார்த்தேன். கவசமணிந்த கலம் ஒன்றேனும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, வெற்றுடம்புடன் இரண்டு சவுக்குமுளைகளை வீசிக்கொண்டு அங்குமிங்கும் நீந்தித்திரியும் சிறிய கலங்கள். எனது அல்கா நீந்துவதில்லை; நான் ஐந்து மாதம் பார்த்தவற்றுள் ஒன்றேனும் நீந்தியதில்லை. ஆகவே இது வெளியிலிருந்து புகுந்த வேறு ஏதோ ஓர் உயிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்டேன் என்பதை அழுத்திக் கூறவேண்டும். உண்மையிலே என்னை ஆட்டிவைத்தது வேறோர் எண்ணம். வைரசின் புறவுறைப் புரதத்துக்குரிய பரம்பரையலகின் ஒரு துண்டை வாசித்து, அது எந்தத் தொகுதியிலிருந்து வந்ததென்று அறியும் முறை அப்போதே வழக்கத்துக்கு வந்துவிட்டது. இக்குடுவை எவர் கண்ணிலாவது பட்டால் சோதிப்பார்கள். சோதித்தால் வைரசின் தொகுதி தெரியும். தொகுதி தெரிந்தால் பெட்டி தெரியும். அன்று மாலையே அதனை ஓட்டோகிளேவிலே இட்டேன். 121 பாகை, இருபது நிமிடம். பின்னர் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

இரண்டு நாட்களின் பின் பேராசிரியரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அப்போது, ஏன் முன்னர் இல்லை என்பதற்கு என்னிடம் விடையில்லை. அவர் என்னை இருக்கச் சொன்னார். நான் கூறியவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். திறப்பை உரியவரிடம் கொடுத்துவிட்டு வருமாறு அனுப்பினார். அந்தச் சக மாணவி ஒருவார காலம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் தாமாகவே வந்தார். மன்னிப்பைப் பற்றியோ பழியைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. "அந்தப் பன்னிரண்டாவது குடுவை எங்கே?" என்று மட்டும் கேட்டார். நான் கூறியதைக் கேட்டபின், நீண்ட நேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் அதனைக் கோபம் என்றே எண்ணினேன்.

அடுத்த ஆண்டிலே அந்த வைரசின் பரம்பரையலகுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டு வெளிவந்தது. 1999இல் பிளிமத் நகருக்கு அண்மையில், ஆங்கிலக் கால்வாயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 86 என்னும் இலக்கமிடப்பட்ட வைரசு அது. அதன் டீ.என்.ஏ.யிலே 407,339 மூலச்சோடிகள். புரதங்களுக்குரியவை எனக் கொள்ளத்தக்க பகுதிகள் 472. மனிதரைப் பீடிக்கும் இன்புளுவென்சா வைரசின் முழு எழுத்தும் ஏறத்தாழ 13,500 தான் என்பதை நோக்கின் இதன் பருமை விளங்கும். ஆனால் வியப்பு அதன் பருமையில் இல்லை. ஸ்பிங்கோலிப்பிட்டு என்னும் ஒருவகைக் கொழுப்பைப் படிப்படியாகத் தொகுப்பதற்கு வேண்டிய நொதியங்களின் செய்முறைகள் பலவற்றை அந்த வைரசு தன்னகத்தே கொண்டிருந்தது. இது வைரசுகளிலே அதுவரை காணப்படாத ஒன்று. 2009இலே, அத்தொகுப்புப் பாதையைச் சார்ந்த ஏழு பரம்பரையலகுகள் அல்காவுக்கும் வைரசுக்கும் இடையே கைமாறியுள்ளன என்று மொனியேயும் உடன் ஆய்வாளரும் காட்டினர். பெரும்பாலும் அவை அல்காவிடமிருந்தே வைரசுக்குச் சென்றிருக்கவேண்டும் எனக் கருதப்படுகின்றது. ஒரு சொல்லையன்று, ஒரு முழு அதிகாரத்தையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்விட்டது அது.

எடுத்துச் சென்றதைக் கொண்டு அது என்ன செய்கின்றது என்பது அதனிலும் நுட்பமானது. கலத்துக்குள் புகுந்த வைரசு, அந்தப் பழைய செய்முறையைச் சற்றே மாற்றித் தனக்கேயுரிய கொழுப்பொன்றை ஆக்குகின்றது. அந்தக் கொழுப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்து, வைரசு தீண்டாத அல்காவுக்குக் கொடுத்தாலே அது மடியத் தொடங்கும் என்பதை அசாப் வார்டியும் உடன் ஆய்வாளரும் 2009இல் எடுத்துக்காட்டினர். அல்காவிலே, தன்னைத் தானே மாய்த்துக்கொள்வதற்கான நொதியப் பொறியமைப்பு ஒன்று உண்டு. வைரசு அதனைப் புதிதாக ஆக்கவில்லை. இருக்கும் பொறியை இயக்கிவிடுகின்றது. 2007இலே பிடிலும் உடன் ஆய்வாளரும் செய்த பரிசோதனையில், அந்த நொதியங்களைத் தடுத்தபோது வைரசின் பெருக்கமும் நின்றுபோயிற்று. அதாவது, அல்கா தன் கையால் மடியாவிடின் வைரசும் பிறவாது. எனது பன்னிரண்டு குடுவைகளிலும் அந்த நான்கு நாட்களில் நிகழ்ந்தது இதுவே.

2008ஆம் ஆண்டிறுதியிலே, நாடு திரும்பி விரிவுரையாளனாகிச் சில காலம் சென்றபின், எனக்கு அஞ்சலில் ஓர் உறை வந்தது. முகவரி எழுதிய கையெழுத்தை உடனே அறிந்துகொண்டேன். உள்ளே அச்சிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று. பிரான்சின் ரொஸ்கொவ் கடலாய்வு நிலையத்தில் மிகெல் பிராடாவும் வேறு சிலரும் செய்த ஆய்வு. எமிலியானியாவுக்கு இரண்டு வாழ்க்கை நிலைகள் உண்டு. நிறமூர்த்தங்கள் இரட்டையாயுள்ள இருமடிய நிலையிலே அது கவசமணிந்து, அசைவின்றி மிதக்கும். ஒற்றையாயுள்ள ஒருமடிய நிலையிலே கவசமின்றி, நுண்ணிய சேதனச் செதில்கள் மட்டும் போர்த்து, இரண்டு சவுக்குமுளைகளால் நீந்தும். ஒவ்வொரு நிலையும் தன்னளவிற் பிரிந்து பெருக வல்லது. கவசமணிந்ததை வைரசு கொல்லும். நீந்துவதை அதனால் அடையாளங் காணவும் இயலாது. கொலைஞன் வாசலுக்கு வரும்போது வீட்டுக்காரன் வேறோர் உருவில் வெளியேறிவிடுகின்றான். லூயிஸ் கரோலின் கதையிலே, உடல் மறைந்து புன்னகை மட்டும் எஞ்சும் செஷயர்ப் பூனையின் பெயரை அவ்வாய்வாளர் இவ்வுபாயத்துக்கு இட்டிருந்தனர். கட்டுரையின் ஓரத்திலே பென்சிலால் ஒரே ஒரு வரி: "உமது குடுவையோ?"

அந்த வரியை வாசித்த பின்பே, அன்று அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது கோபத்தினால் அன்று என்பது எனக்கு விளங்கியது. நான் சொன்ன சவுக்குமுளைகளைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

என் குடுவையில் இருந்தது அதுதானா என்பதற்குச் சான்றில்லை. சான்றை நானே கழுவிவிட்டேன். 2017இலே அதே பிராடா, வார்டி ஆகியோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு என் அமைதியை மேலும் குலைத்தது. வைரசு தாக்கிய வளர்ப்புக்களைத் தெளிந்த பின்னும் வைத்திருந்து, அவற்றில் மீண்டும் தோன்றிய கலங்களை அவர்கள் நுணுகி நோக்கினர். அவை கவசமற்றவை, செதிலுடையவை, நீந்துபவை, வைரசுக்கு அசையாதவை. ஆனால் நிறமூர்த்தங்களின் அளவை நோக்கியபோது பெரும்பாலானவை ஒருமடியமாக இருக்கவில்லை. வெளித்தோற்றம் ஒன்றாகவும் உள்ளிருப்பு மற்றொன்றாகவும் இருந்தது. நாம் பாடநூலிலே வட்டமாக வரைந்து அம்புக்குறியிட்டுக் கற்பிக்கும் வாழ்க்கைச் சக்கரத்தை, வைரசின் நெருக்குதல் எங்கோ ஓரிடத்திலே வளைத்துவிட்டிருக்கின்றது.

இவ்வுறவுக்கு ஆய்வாளர் வழங்கும் பெயர் 'ஆயுதப்போட்டி' என்பதாகும். ஒன்று வாளைத் தீட்ட மற்றையது கேடயத்தைத் தடிப்பாக்கும். 1973இல் வான் வேலன் என்பார், இருந்த இடத்தில் இருப்பதற்கே ஓயாது ஓடவேண்டியிருக்கும் நிலையைக் கரோலின் மற்றொரு நூலில் வரும் செவ்வரசியின் பெயரால் விளக்கினார். (அந்தக் கணித ஆசிரியர் உயிரியலாளருக்கு இவ்வளவு உதவுவார் என எவர் எண்ணியிருப்பார்!) சில இடங்களில் இவ்வுருவகம் நன்கு பொருந்துகின்றது என்பதை மறுக்கமுடியாது. பிரான்சின் தெற்கேயுள்ள தோ என்னும் கடனீரேரியிலே 1994இல் ஒஸ்திரியோகொக்கசு தௌரி என்ற அல்கா கண்டறியப்பட்டது. தனித்து வாழும் கருவுள்ள உயிர்களிலே அதனிற் சிறியது அறியப்படவில்லை. அதன் வளர்ப்பிலே வைரசை இட்டால் நீர் தெளியும். சில நாட்களில் எதிர்ப்புடைய கலங்கள் எழுந்துவரும். அதற்கு இருபது நிறமூர்த்தங்கள். எதிர்ப்புப் பெற்ற கலங்களிலே பத்தொன்பதாவது நிறமூர்த்தத்தின் நீளமே மாறியிருப்பதையும், அதிலுள்ள பரம்பரையலகுகள் பல மும்முரமாகத் தொழிற்படுவதையும் 2016இலே கண்டனர். அவற்றுட் சில, வெல்லங்களை மூலக்கூறுகளோடு பிணைக்கும் நொதியங்களுக்குரியவை. வைரசு வந்து பற்றும் கலமேற்பரப்பை அவை மாற்றிவிடுகின்றன எனக் கருத இடமுண்டு. ஒரு முழு நிறமூர்த்தத்தையே தற்காப்புக்கென ஒதுக்கிவைத்த உயிர் அது எனலாம்.

இருந்தபோதிலும், அந்த உருவகம் என் நாவில் எளிதாக வருவதில்லை. கூரையிழந்த வீடுகள் நிறைந்த ஊரிலிருந்து சென்றவனுக்குப் போர் என்பது வெறும் உவமையாக இருப்பது கடினம் என்பது ஒரு காரணம். விஞ்ஞான ரீதியான காரணமும் உண்டு. போரிலே இரு தரப்பாரும் தனித்தனி. இங்கேயோ வைரசின் எழுத்துக்குள் அல்காவின் எழுத்து இருக்கின்றது. எக்டோகார்ப்பசு என்னும் கபில அல்காவின் பரம்பரையலகுத்தொகுதி 2010இல் வாசிக்கப்பட்டபோது, அதன் நிறமூர்த்தத்துள்ளே பெரும் வைரசொன்றின் தொகுதி பொருந்தியிருக்கக் கண்டனர். 2020இலே, பச்சை அல்காக்கள் பலவற்றுள்ளும் இவ்வாறு பெருவைரசுகளின் நீண்ட பகுதிகள் புகுந்து தங்கியுள்ளமை தெரியவந்தது. எவர் எழுத்து எவருடையது என வகுப்பதே சில இடங்களில் இயலாதிருக்கின்றது. ஆனால் இதனை நட்பு என்றும் கூட்டுவாழ்வு என்றும் இனிப்பூட்டிச் சொல்லும் சில பொதுவாசகர் நூல்களையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. தொற்றிய ஒவ்வொரு கலமும் சில நூறு வைரசுகளை வெளிவிட்டு மடிகின்றது; கடலின் வெண்மை மறையும்போது மடிபவற்றை எண்ணிமாளாது. அம்மரணங்கள் உவமைகளல்ல, எனது குடுவைகளில் நான் அவற்றை மணந்திருக்கிறேன்.

இவ்வுறவின் காலநீட்சியை எண்ணும்போது எனக்கு நினைவுக்கு வருவது கருங்கடல். அதன் ஆழ்நீரிலே ஒட்சிசன் இல்லை. ஆதலால் அடிச்சேற்றிலே வீழ்ந்த டீ.என்.ஏ. எளிதிற் சிதைவதில்லை. மார்க்கோ கூலன் என்பார் அச்சேற்றைத் துளைத்தெடுத்து, அடுக்கடுக்காக ஆராய்ந்து, எமிலியானியாவின் டீ.என்.ஏ.யையும் அதன் வைரசின் டீ.என்.ஏ.யையும் 7,000 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து சென்றார். 2011இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, அல்கா வகைகள் சிலவும் வைரசு வகைகள் சிலவும் நூற்றாண்டுக் கணக்கிற் சேர்ந்தே இருந்துவந்திருக்கின்றன. பேர்கன் அருகே கடலில் மிதக்கவிட்ட பெரும் பைகளிலே 2000த்திலும் 2003இலும் செய்யப்பட்ட பரிசோதனைகளும் இதே திசையைக் காட்டின; இடையில் மூன்றாண்டுகள் கழிந்தும் பெரும்பாலும் அதே வகைகளே மேலோங்கியிருந்தன. ஒன்று மற்றையதை முற்றாக வென்றிருந்தால் அச்சேற்றிலே ஒரு கட்டத்துக்கு மேல் இரண்டும் இருந்திருக்கமாட்டா.

நமது ஆய்வுகூடத்தில் எமிலியானியா இல்லை. அதற்கு வேண்டிய குளிரும் பணமும் எம்மிடமில்லை. செய்முறை வகுப்புக்கென நன்னீர் அல்காவான குளோரெல்லாவை வளர்க்கிறோம். மின்வெட்டினாலோ கைப்பிழையினாலோ ஒவ்வோராண்டும் சில குடுவைகள் தெளிந்துவிடுகின்றன. "இது செத்துப்போச்சு சேர், ஊத்திவிடவா?" என்று மாணவர் கேட்பர். திகதி எழுதி, நடந்ததையும் எழுதி, சாளர ஓரத்தில் ஆறு வாரம் வைக்கச் சொல்கிறேன். நடந்ததை எழுதுவதில்தான் சிலர் தயங்குவர். நான் வற்புறுத்துவதில்லை, காத்திருக்கிறேன். அக்குடுவைகளிற் பெரும்பாலானவை தெளிந்தபடியே இருந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு வைத்தவற்றுள் ஒன்று ஐந்தாம் வாரத்திலே மீண்டும் பசுமை பூண்டது. மாணவி ஒருத்தி ஓடிவந்து அழைத்தாள். இருவருமாக நுணுக்குக்காட்டியிலே பார்த்தோம். நான்கு நான்கு கலங்களாக வரிசையில் ஒட்டிய வேறோர் அல்கா அது; காற்றோடு எங்கிருந்தோ வந்து விழுந்திருக்கின்றது. அவள் முகம் வாடிற்று. பின்னர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதையும் படம் வரையத் தொடங்கினாள்.